ஆஸ்பத்திரியில் நோயாளியின் பாதுகாப்பும் பணமும்: கடலூர், புதுச்சேரி குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தனியார் ஆஸ்பத்திரி வார்டுகளில் பல வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். இப்போது கடலூரில் இருக்கிறேன். மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், நெல்லிக்குப்பம், பாகூர் என்று சுற்றுவட்டாரத்தில் தெரிந்தவர்கள் வீட்டில் யாராவது அட்மிட் ஆனால், கேஸ் ஃபைலையும் பில்லையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். எந்த நோய்க்கு எந்த மருந்து என்பது இதில் இருக்காது. அதை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

லாபத்துக்கு நடக்கும் ஆஸ்பத்திரி என்றாலே ஆபத்தா?

இல்லை. ஒரு நோயாளியின் ரத்த அழுத்தம் சீராகும்வரை வீட்டுக்குப் போகாமல் நின்ற டாக்டர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். கட்டணம் வாங்குவதே தப்பு என்றும் சொல்ல மாட்டேன். தவளக்குப்பத்தில் 2003 முதல் நடக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையில் பணம் கட்டுகிறவர்கள் தரும் வருமானத்தில்தான் கட்ட முடியாதவர்களுக்கும் கண்புரை அறுவை நடக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த ஆஸ்பத்திரிக்கு எதைச் செய்தால் பணம் வருகிறது, எதைச் செய்தால் வருவதில்லை?

ஸ்கேன் எடுத்தால் பணம் வரும். ஐசியுவில் இன்னொரு நாள் வைத்தால் வரும். கையுறை, சிரிஞ்சு, ட்ரிப்ஸ் பாட்டில் எல்லாவற்றுக்கும் பில் உண்டு. ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும் முன் சிஸ்டர் கை சுத்தம் செய்தால் அதற்குப் பில் போட முடியாது. இரவு டியூட்டிக்கு இன்னொரு நர்ஸைப் போட்டால் சம்பளச் செலவுதான் கூடும். மயக்க மருந்து கொடுக்கும் முன் எல்லோரும் நின்று நோயாளியின் பெயரையும், எந்தப் பக்கம் அறுவை என்பதையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்தால் தியேட்டரில் இரண்டு நிமிடம் போகும், அவ்வளவுதான். நோயாளியை உயிரோடு வீட்டுக்கு அனுப்புவதில் பெரும்பங்கு இந்த மாதிரி பில்லில் ஏறாத வேலைகளுக்குத்தான். செலவைக் குறைக்க நினைக்கும் நிர்வாகம் முதலில் கைவைப்பதும் இங்கேதான்.

இதற்குச் சான்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்ச அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை டெல்லி உட்பட 8 நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் பயன்படுத்திப் பார்த்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. அதற்குத் தேவைப்பட்டது ஒரு தாளும் ஒழுங்கும். இன்னொரு பக்கம் அமெரிக்காவைப் பாருங்கள். தனியார் முதலீட்டு நிறுவனங்கள் வாங்கிய 51 ஆஸ்பத்திரிகளை மற்றவற்றோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2023 டிசம்பரில் வந்தது. கைமாறிய பிறகு, ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிக்கு ஏற்படும் பாதிப்புகள், அதாவது கீழே விழுவது, ரத்தக்குழாயில் செருகிய குழாய் வழியாகத் தொற்று வருவது போன்றவை, சுமார் 25 சதவீதம் கூடியிருந்தன. நோயாளிகள் முன்பைவிட மோசமான நிலையில் வந்து சேர்ந்ததால் அப்படி ஆகவில்லை.

நம் நாட்டிலும் பெரிய ஆஸ்பத்திரிக் குழுமங்களில் வெளிநாட்டு முதலீடு வந்துவிட்டது. பங்குச் சந்தையில் இருக்கும் ஆஸ்பத்திரி நிறுவனங்கள் முதலீட்டாளர்களுக்கு ஒவ்வொரு காலாண்டும் சொல்லும் எண்களில் ஒன்று, நோயாளி இருக்கும் ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு வரும் சராசரி வருமானம். எத்தனை பேருக்கு உள்ளே வந்த பிறகு தொற்று ஏற்பட்டது என்ற எண்ணை நம் பகுதியில் எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் ஒட்டி நான் பார்த்ததில்லை.

அப்படியானால் அரசு ஆஸ்பத்திரிதான் பாதுகாப்பானதா?

அங்கே உங்களுக்குத் தேவையில்லாத ஒன்றைச் செய்து காசு பார்க்க யாருக்கும் காரணம் இல்லை. இது பெரிய விஷயம். கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் வேர் கொண்டது. 2008 முதல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். பண்ருட்டியிலிருந்தும் விருத்தாசலத்திலிருந்தும் விடியற்காலை பஸ் ஏறி ஓபி சீட்டுக்கு நிற்கிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. ஆனால் கூட்டம் ஒரு ஆபத்துதான். கூட்டத்தில் கை கழுவ நேரம் இருக்காது, பெயர் மாறும், ரிப்போர்ட் தாமதமாகும். கீழே வார்டு பற்றிச் சொல்லியிருப்பவை இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

வார்டில் கூட இருப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் பில் வந்த பிறகுதான் பெரும்பாலும் என்னைத் தேடி வருகிறார்கள்.

முதலில் கை. யாராக இருந்தாலும், பெரிய டாக்டராக இருந்தாலும், உங்கள் நோயாளியைத் தொடும் முன் கை கழுவினாரா, கட்டில் பக்கத்தில் இருக்கும் ஸ்பிரிட் திரவத்தைத் தேய்த்துக்கொண்டாரா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். "சிஸ்டர், கை சுத்தம் பண்ணிட்டீங்களா?" என்று தணிவாகக் கேட்டால் நல்ல நர்ஸ் கோபித்துக்கொள்ள மாட்டார். போட்டிருக்கும் கையுறையோடு அடுத்த கட்டிலிலிருந்து அப்படியே வருவது கையே கழுவாததற்குச் சமம்.

அடுத்தது மருந்து. ஊசி போடும் முன் நோயாளியின் பெயரைக் கேட்க வேண்டும், கையில் கட்டியிருக்கும் பட்டையைப் பார்க்க வேண்டும். ஒரே வார்டில் இரண்டு லட்சுமி, மூன்று முருகன் இருப்பது நம் ஊரில் சாதாரணம். அதனால் அப்பா பெயரையும் வயதையும் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள். "இது என்ன மருந்து, எதுக்கு?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டு ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதி வையுங்கள். அந்த நோட்டு பிற்பாடு பில்லைச் சரிபார்க்கவும் உதவும். இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி, பொட்டாசியம் குளோரைடு ஆகிய மூன்றிலும் அளவு கொஞ்சம் தவறினாலும் உயிர் போகலாம். இவற்றை இரண்டு பேர் பார்த்துக் கொடுப்பது நல்ல வார்டுகளின் வழக்கம். எந்த மருந்தாவது முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அட்மிஷன் போடும்போதே சொல்லி, கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ட்ரிப்ஸ் ஊசி குத்திய இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, எரிந்தாலோ உடனே சொல்லுங்கள். காலையில் ரவுண்ட்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், "இன்னும் தேவையா?" என்று தினமும் கேளுங்கள், தேவைக்கு மேல் ஒரு நாள் இருந்தாலும் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. நடக்க முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரி ஒரே நர்ஸ் இருபது கட்டிலைப் பார்க்கும் வார்டில் அவர் மறந்துவிட்டால் அவரைக் குறை சொல்லாதீர்கள். அத்தனை பேருக்கு ஒருவரை வைத்த நிர்வாகத்திடம் கேளுங்கள். உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு 2016-ல், 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. இன்றைக்கும் அதில் பாதிக்கு வேலை பார்க்கிற பெண்களை எனக்குத் தெரியும். நர்ஸின் சம்பளம் நோயாளியின் பாதுகாப்பைச் சேர்ந்த விஷயம். அனுபவம் வந்ததும் அவர்கள் வேறு ஊருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட, வார்டு எப்போதும் புதியவர்களின் கையிலேயே இருக்கிறது.

எங்கள் ஊர் டாக்டர் ஒரு குறிப்பிட்ட ஸ்கேன் சென்டருக்குத்தான் போகச் சொல்கிறார். ஏன்?

அங்கே மெஷின் நன்றாக இருக்கலாம், ரிப்போர்ட் எழுதுகிறவர் நம்பகமானவராக இருக்கலாம். கமிஷனாகவும் இருக்கலாம். அனுப்பும் டாக்டருக்குக் கட்டணத்தில் ஒரு பங்கு போவது ஊரறிந்த வழக்கம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நன்னடத்தை விதிகள் இதைத் தெளிவாகத் தடை செய்கின்றன. நோயாளியை அனுப்பியதற்காக எந்தப் பங்கும் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது.

கமிஷன் உங்கள் பர்ஸை மட்டும் தொட்டால் அது பண விஷயம் என்று விட்டுவிடலாம். தேவையில்லாத சிடி ஸ்கேன் உடம்பில் கதிர்வீச்சை ஏற்றுகிறது. ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த ஒரு சின்னக் கட்டிக்காக இன்னொரு பரிசோதனை, அதற்குப் பிறகு ஒரு அறுவை என்று நீளும். எனவே இப்படிக் கேளுங்கள்: "இந்த ஸ்கேன் முடிவைப் பொறுத்து சிகிச்சை மாறுமா டாக்டர்? வேற இடத்துல எடுத்தா ஒத்துக்குவீங்களா?" எங்கே எடுத்தாலும் ஃபிலிமையும் சிடியையும் வாங்கி வீட்டில் வையுங்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் மறுபடி எடுக்கச் சொன்னால் காட்டலாம்.

சில தனியார் ஆம்புலன்ஸ்களிலும் இதே கதைதான். எந்த ஆஸ்பத்திரிக்கு என்பதை டிரைவர் முடிவு செய்ய விடாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

மருந்தை ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் பார்மசியில்தான் வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து, மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளி உரிமைச் சாசனத்தில், மருந்தையும் பரிசோதனையையும் எங்கே பெறுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறது. இந்த விஷயம் உச்ச நீதிமன்றம்வரை போனது. 2025 மார்ச்சில் நீதிமன்றம் தானே கட்டாய உத்தரவு போடாமல், நோயாளிகள் சுரண்டப்படாமல் இருக்க மாநில அரசுகள் கொள்கை வகுக்க வேண்டும் என்று விட்டுவிட்டது. அதனால் நடைமுறையில் கவுன்டரில் வாக்குவாதம் தொடர்கிறது. "வெளி மருந்துக்கு நாங்க பொறுப்பில்லை" என்று சொன்னால், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுத மாட்டார்கள்.

எம்ஆர்பி என்ற எண்ணை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். பாக்கெட்டில் அச்சடித்த விலைக்கு மேல் வாங்கவில்லையே என்று திருப்தியாகிவிடுகிறார்கள். அந்த விலையே எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் டெல்லி வட்டாரத்தின் 4 தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களை ஆராய்ந்து 2018 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. சில பொருள்களில் லாபம் 1,737 சதவீதம்வரை போயிருந்தது. மொத்தமாக வாங்கும் ஆஸ்பத்திரிக்காகவே கம்பெனிகள் விலையை ஏற்றி அச்சடிக்கின்றன என்பதையும் அது சொன்னது. சாதாரணமாக, போட்டியில் விலை குறையும். இங்கே அச்சடித்த விலை கூடக் கூட ஆஸ்பத்திரிக்கு லாபம் கூடுவதால், விலை அதிகமான பொருளே உள்ளே வருகிறது.

இதய ஸ்டென்ட் இன்னொரு பாடம். 2017-க்கு முன்னால் மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்று ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. அந்த வருடம் பிப்ரவரியில் விலை நிர்ணய ஆணையம் 29,600 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று உச்ச வரம்பு வைத்தது. பிறகு வருடா வருடம் விலைவாசிக்கு ஏற்பக் கொஞ்சம் மாறுகிறது. 2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டு மாற்றுக் கருவிகளுக்கும் வரம்பு வந்தது. பில்லில் ஸ்டென்டின் பெயர், பேட்ச் எண், விலை தனியாக இருக்க வேண்டும். "பேக்கேஜ்" என்று ஒரே வரியில் மொத்தத் தொகையாகப் போட்டால் பிரித்துக் கேளுங்கள்.

உடம்புக்குள் எதை வைத்தாலும் அதன் பெட்டியில் வரும் ஸ்டிக்கரை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். ஜான்சன் அண்டு ஜான்சனின் டெபுய் நிறுவனம் ஏஎஸ்ஆர் என்ற இடுப்பு மூட்டுக் கருவியை 2010-ல் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. இழப்பீடு கொடுக்க முடிவானபோது அவர்களில் பெரும்பாலோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. தன் இடுப்பில் எந்தக் கருவி இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

தினசரி மாத்திரைகளை மலிவாக வாங்க மக்கள் மருந்தகம் (2008 முதல்) இருக்கிறது, தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி முதல் முதல்வர் மருந்தகங்களும் இருக்கின்றன. கடைக்காரர் தானாக பிராண்டை மாற்றிக் கொடுக்கக் கூடாது என்பதால், மருந்தின் மூலப்பெயரை (ஜெனரிக் பெயர்) எழுதும்படி டாக்டரிடமே கேளுங்கள். மூலப்பெயரில், புரியும் கையெழுத்தில் எழுத வேண்டும் என்று விதியே இருக்கிறது.

மெடிக்கல் ரெப் டாக்டருக்குக் கொடுக்கும் பரிசு என்னை எப்படிப் பாதிக்கும்?

எந்த மாத்திரை உங்கள் சீட்டில் ஏறுகிறது என்பதைப் பாதிக்கும். பரிசு, சுற்றுலா, விருந்தோம்பல் எதையும் மருந்துக் கம்பெனியிடம் டாக்டர் வாங்கக் கூடாது என்று 2009-ல் விதி வந்தது. ஆனால் அது வாங்குகிறவரை மட்டும் கட்டுப்படுத்தியது. கொடுக்கும் கம்பெனி அதை விளம்பரச் செலவாகக் கணக்கு காட்டி வருமான வரியில் கழித்துக்கொண்டிருந்தது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அப்படிக் கழிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்தச் செலவு கடைசியில் மருந்து விலையில் ஏறி நோயாளியின் தலையில்தான் விழுகிறது என்பதையும் எடுத்துச் சொன்னது. 2024-ல் மருந்துக் கம்பெனிகளுக்கான நடத்தை நெறி வந்தது. அதைக் கண்காணிக்கும் முதல் பொறுப்பு கம்பெனிகளின் சங்கங்களிடமே இருக்கிறது. எனக்கு அது போதாது என்றுதான் படுகிறது.

என் மகளுக்குச் சிசேரியன்தான் என்கிறார்கள். நம்பலாமா?

குழந்தையின் துடிப்பு குறைகிறது என்று டாக்டர் சொன்னால் அந்த நேரத்தில் வாதம் செய்யாதீர்கள். உயிர் காக்கும் அறுவை அது.

ஆனால் கணக்கைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அரசு ஆஸ்பத்திரியில் 36, தனியாரில் கிட்டத்தட்ட 64. ஒரு நாடு முழுவதுக்குமான விகிதம் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு, கூடுதல் சிசேரியனால் தாய் சேய் இறப்பு குறைவதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. நம் பெண்களின் உடல் அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மாதிரியும் தனியார் வாசலில் வேறு மாதிரியும் இருக்காது. சுகப்பிரசவத்துக்கு ராத்திரி முழுக்க ஒருவர் கூடவே இருந்து பார்க்க வேண்டும். சிசேரியன் ஒரு மணி நேரத்தில் முடிகிறது, பில்லும் பெரிது. நல்ல நேரம் குறித்துக்கொண்டு போய் நிற்கும் குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. முதல் சிசேரியன் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்வது போன்ற ஆபத்தைக் கொண்டுவரும் என்பதை யாரும் சொல்வதில்லை.

எனவே ஏழாம் மாதத்திலேயே பேசிவிடுங்கள். இங்கே எத்தனை சதவீதம் சுகப்பிரசவம், ராத்திரி மகப்பேறு டாக்டர் உள்ளேயே இருப்பாரா, மயக்க டாக்டர் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். பதில் பிடிக்கவில்லையென்றால் எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ்காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது, கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்ய அப்போது நேரம் இருக்கும்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

கூடாது. எந்த அறுவை, யார் செய்கிறார், என்ன ஆபத்து, வேறு வழி என்ன என்பவை உங்களுக்குப் புரியும் மொழியில் எழுதியிருக்க வேண்டும். சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவைக்குச் செல்லாது. ஒரு அறுவைக்குக் கொடுத்தது இன்னொன்றுக்குச் செல்லாது. உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டிய நிலை மட்டும் விலக்கு. நோயாளி பெரியவராக, நினைவோடு இருந்தால் கையெழுத்து அவருடையதுதான், கணவருடையதோ மகனுடையதோ அல்ல.

ஐசியுவில் வைத்திருக்கிறார்கள். உள்ளே விடவும் இல்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை.

தினம் ஒரு முறையாவது சிகிச்சை தரும் டாக்டரே வந்து நிலைமையைச் சொல்ல வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். மூன்று கேள்வி போதும்: இன்று எந்த உறுப்புக்கு இயந்திர உதவி நடக்கிறது, நேற்றைவிட எப்படி இருக்கிறார், எது நடந்தால் வார்டுக்கு மாற்றுவீர்கள்? 2024 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட நிபுணர் வழிகாட்டுதலின்படி, நோயாளியோ குடும்பமோ மறுத்தால் ஐசியுவில் சேர்க்கக் கூடாது. மேற்கொண்டு சிகிச்சையால் பயனில்லை என்ற நிலையிலும் ஐசியு தேவையில்லை. "ஐசியு வேண்டாம்னா கூட்டிட்டுப் போங்க" என்று மிரட்டினால், இதுவரை நடந்த சிகிச்சையின் சுருக்கத்தை (சம்மரி) எழுதி வாங்கி இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். ரிப்போர்ட்டுகளை போட்டோ எடுத்து அனுப்பிக் கருத்துக் கேட்க இப்போது வழி இருக்கிறது.

காப்பீட்டு அட்டை இருந்தால் கவலை இல்லைதானே?

கவலை குறையும், போகாது. யாரோ கட்டுகிறார்கள் என்றால் பில்லை யாரும் படிப்பதில்லை. படிக்காத பில் வளரும், உங்கள் வருடாந்திரத் தொகை கரையும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம். அதில் சேர்த்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993-ல் புகார் செய்யுங்கள். கடலூர் அட்டையோடு புதுச்சேரிக்குப் போகிறவர்கள், அந்த ஆஸ்பத்திரியில் அந்தச் சிகிச்சைக்கு அட்டை செல்லுமா என்று அட்மிட் ஆகும் முன் கவுன்டரில் கேட்டுவிடுங்கள். தனியார் பாலிசியில் டிஸ்சார்ஜ் கோரிக்கைக்கு 3 மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ் கம்பெனி பதில் சொல்ல வேண்டும் என்பது 2024 விதி. தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதல் கட்டணம் போட்டால் அதைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும்.

இருமல் மருந்துக்குக்கூட பயமாக இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பயப்பட நியாயம் இருக்கிறது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பலிகொண்ட கோல்ட்ரிஃப் இருமல் சிரப் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம் அதில் 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனை காட்டியது. மருந்துத் தரத்துக்கு வாங்க வேண்டிய மூலப்பொருளை மலிவாக வாங்கி, சோதிக்காமல் கலந்தால் இதுதான் நடக்கும். பாட்டிலைப் பார்த்து நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. சின்னக் குழந்தைகளின் சாதாரணச் சளிக்குப் பெரும்பாலும் சிரப்பே தேவையில்லை. நான்கு வயதுக்குள் சளி, இருமல் கூட்டுமருந்து எதுவும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். வாங்கினால் ரசீது வாங்குங்கள், பேட்ச் எண் தெரியும்படி பாட்டிலை வையுங்கள். மருந்துக்குப் பிறகு குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்த மருந்தாலும் பக்கவிளைவு வந்தால் 1800-180-3024 என்ற எண்ணில் நீங்களே சொல்லலாம். டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை.

ஈசிஆரில் விபத்து. பணம் கட்டினால்தான் தொடுவோம் என்கிறார்கள்.

அப்படிச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை. அரசோ தனியாரோ, உயிருக்குப் போராடுகிறவருக்கு முதலில் சிகிச்சை தர வேண்டும் என்று 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போலீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முதல் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நாடு முழுவதற்கும் 2025 மே மாதம் வந்த திட்டத்தில் 7 நாள்வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது.

பில் பாக்கி இருப்பதால் டிஸ்சார்ஜ் செய்ய மறுக்கிறார்கள். உடலைக்கூடத் தரவில்லை.

பாக்கிக்காக ஆளையோ உடலையோ பிடித்து வைக்க முடியாது. பாக்கி என்பது சிவில் விஷயம், அவர்கள் வழக்குப் போடலாம். தமிழ்நாட்டில் 104-க்குப் பேசுங்கள், கேட்கவில்லையென்றால் போலீஸ். கட்டியே ஆக வேண்டிய நெருக்கடியில் இருந்தால் கட்டிவிட்டு, ரசீதின் நகலில் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தவறு நடந்துவிட்டது என்று நினைக்கிறோம். முதலில் என்ன செய்வது?

கேஸ் ஷீட். வேறு எதற்கும் முன்னால் அது. முழு மருத்துவ ஆவணங்களின் நகலைக் கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. நர்ஸ் குறிப்புகள், மருந்து கொடுத்த அட்டவணை, மயக்க மருந்துக் குறிப்பு எல்லாம் வேண்டும். எந்த நேரத்தில் நாடி விழுந்தது, டாக்டரை எப்போது கூப்பிட்டார்கள், அவர் எப்போது வந்தார் என்பது நர்ஸ் குறிப்பில்தான் இருக்கும்.

அப்புறம் அதை அந்தத் துறையில் இருக்கும் வேறொரு டாக்டரிடம் காட்டுங்கள். எல்லா மரணமும் தவறால் வந்ததில்லை. சரியாகச் செய்தும் சிலர் தப்புவதில்லை. அந்தக் கஷ்டமான உண்மையைப் பல குடும்பங்களிடம் சொல்ல வேண்டி வந்திருக்கிறது. கண்ணாடியை உடைப்பதும் டாக்டரை அடிப்பதும் கூடவே கூடாது. 2008 தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி அது தனிக் குற்றம், உங்கள் நியாயமும் அதோடு போய்விடும்.

டாக்டரின் நடத்தை பற்றிய புகார் அவர் பதிவு செய்திருக்கும் மருத்துவக் கவுன்சிலுக்கு. ஆஸ்பத்திரியின் வசதி, பதிவு பற்றிய புகாருக்கு இரண்டு ஊருக்கும் சட்டம் வேறு. கடலூர் ஆஸ்பத்திரி 1997 தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருகிறது, புகார் மாவட்ட மருத்துவ இணை இயக்குநரிடம். புதுச்சேரியில் மருத்துவ நிறுவனங்களுக்கான 2010 மத்தியச் சட்டம் நடப்பில் உள்ளது, அங்கே யூனியன் பிரதேச சுகாதாரத் துறையை அணுக வேண்டும். கிரிமினல் வழக்கு மிக மோசமான அலட்சியத்துக்கு மட்டும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் வரம்பு போட்டிருப்பதால், எல்லாவற்றுக்கும் காவல் நிலையம் போவதில் பயனில்லை.

இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம். 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில், கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று முடிவானது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்கள் இதில் வராது, அவற்றின் மீது சிவில் நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ போக வேண்டும். இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே இல்லை. 50 லட்சம்வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 2019 சட்டம் செய்த பெரிய உதவி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுத்த கடலூர்க்காரர் கடலூரிலேயே மனு கொடுக்கலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களும், கடலூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்டு விண்ணப்பிக்கலாம். போகும்போது சீல் வாங்கிய அந்த விண்ணப்ப நகலையும், வார்டில் எழுதிய நோட்டையும் எடுத்துப் போங்கள்.